பீடிக் கங்கில் பிடித்த கல்யாணப் படம்

இரவில் படம் எடுக்கும்போது ஃபோகஸ் செய்வது எப்படி என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி நம் போட்டோக்காரர் சங்கத்துச் செயலாளர் கேட்டார். கேட்ட கையோடு ஆறு தாளையும் வைத்துவிட்டுப் போனார். ஆறு தாள் எதற்கு? இரண்டு வரி போதும். படத்தில் எது தெளிவாக விழ வேண்டுமோ அந்த இடத்தில் ஒரு சின்ன வெளிச்சத்தை வையுங்கள். அதைப் பார்த்து ஃபோகஸ் செய்துவிட்டு வெளிச்சத்தை எடுத்துவிடுங்கள். முடிந்தது வேலை. மிச்சத் தாள்களை வீணாக்க மனமில்லை, அதனால் என் மானம் போன கதைகளை எழுதுகிறேன். புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிமார்களும் தங்கைமார்களும் தாராளமாகச் சிரிக்கலாம். இத்தனை வருஷம் கழித்து எனக்கே சிரிப்பு அடங்கவில்லை.

உங்களில் பலர் பழைய ஸ்டாண்டு கேமராவைத் தொட்டிருக்க மாட்டீர்கள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் பின்பக்கம் ஒரு சொரசொரப்பான கண்ணாடி இருக்கும். எதிரே இருப்பதெல்லாம் அதில் தலைகீழாக விழும். ஆள் தலையால் நடப்பான், ஆகாயம் கீழே கிடக்கும். பகலில் இது ஒரு வாரத்தில் பழகிவிடும். இருட்டில் ஆளும் தெரியாது, ஆகாயமும் தெரியாது. நாலைந்து வெளிச்சப் புள்ளிகள் மட்டும் மினுங்கும். எந்தப் புள்ளி எதனுடையது என்று நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டூடியோ வைத்த புதிதில் ஆடிப்பூரத்துக்குக் கோபுரமெல்லாம் விளக்குப் போட்டிருந்தார்கள். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி, கடையில் மாட்டுவதற்கு அந்தக் கோபுரத்தைப் படமெடுத்துத் தரச் சொன்னார். துணிக்குள் தலையை விட்டேன். கண்ணாடியின் உச்சியில் ஒரு விளக்கு தனியாக எரிந்தது. கோபுரத்து உச்சி விளக்கு என்று முடிவு கட்டி, அதை ஊசி முனை போல ஆகும்வரை ஃபோகஸ் செய்தேன். மூடியைத் திறந்து வைத்து, கால் மணி நேரம் கை கட்டி நின்றேன். பெருமை தாங்கவில்லை.

உச்சியில் தெரிந்தால் அது கீழே இருக்கிறது என்று அர்த்தம். அது கோபுர விளக்கே இல்லை. சுந்தரபாண்டியத்திலிருந்து திருவிழாவுக்கு வந்த ஒரு மாட்டு வண்டியின் அடியில் தொங்கிய அரிக்கேன் விளக்கு. படத்தில் கோபுரம் பனிமூட்டம் போலப் பின்னால் எங்கேயோ நின்றது. முன்னால் வண்டி, சக்கரத்தின் ஆணி வரைக்கும் துல்லியம். வண்டிக்காரர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவிழ்த்துக் கட்டிய இரண்டு மாடும் படுத்திருந்தன, அசைபோட்ட வாய் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது.

முதலாளி படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கோபுரம் எங்கடே?"

"பின்னால இருக்கு முதலாளி."

"முன்னால என்னடே?"

"மாடு."

"மாட்டப் பாக்கவாடே எங் கடைக்கு ஆளு வருது?"

அந்த வண்டிக்காரர் விஷயம் கேள்விப்பட்டு வந்து, அந்தப் படத்தை ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதுவரை தன் முகத்தை அவர் படத்தில் பார்த்ததில்லையாம். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். இருட்டில் ஒரு புள்ளியை ஃபோகஸ் செய்யும் முன், துணியை விட்டு வெளியே வந்து, நடந்து போய், அந்த வெளிச்சத்தைக் கையால் தொட்டுவிட்டு வருவேன். தொட முடியாத தூரமென்றால், யாரையாவது அதை ஒருமுறை மறைத்துக் காட்டச் சொல்வேன். நீங்களும் செய்யுங்கள். யாரும் சிரித்தால் சிரிக்கட்டும்.

இனிச் சொல்லப்போவது யுத்த காலத்தில் நடந்தது. பட்டாளத்துக்குப் போகும் மாப்பிள்ளையைப் பற்றியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் யுத்தம் முடிந்து கையும் காலும் சுகமாகத் திரும்பி வந்து, ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, ஆறு பேரையும் படமெடுக்க என்னிடமே கூட்டி வந்தார். ஆகையால் கண்ணைத் துடைக்கத் துணி தேட வேண்டாம்.

மாப்பிள்ளை பெயர் வேலுச்சாமி. பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவர். பெண் பெயர் பேச்சியம்மாள், ராஜபாளையத்தில் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகள், அவளுக்கும் அதே ஆலையில்தான் வேலை. மாப்பிள்ளைக்குக் கிடைத்தது நாலே நாள் லீவு. ஒரு காலையில் தாலி கட்டி, மறுநாள் விடிகாலை ரயிலுக்குப் போயாக வேண்டும். அதிலும் பெரியவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து, அன்று இரவு நாள் சரியில்லை என்று சாந்தி முகூர்த்தத்தை அடுத்த லீவுக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். அடுத்த லீவு எப்போது என்று அந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கவில்லை.

என்னைப் பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்போது பஸ்ஸெல்லாம் பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய காலம். ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு இரண்டு மைல் வந்ததும் எங்கள் பஸ் நின்றது. நாங்கள் இறங்கித் தள்ளினோம். ஓடியது. ஏறினோம். நின்றது. மாப்பிள்ளை விடிகாலையில் போகிறார் என்பதால் அங்கேயே கழுவிப் பிரிண்ட் போட்டுத் தர வேண்டுமென்று மருந்து, தட்டு, சிவப்புத் துணி எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டே பாதி வழி பஸ்ஸைத் தள்ளினேன். கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது.

என்னிடம் இருந்தது படம் விழுகிற கண்ணாடி பிளேட் ஒன்றே ஒன்று. யுத்தத்தில் அதற்கு மேல் கிடைக்கவில்லை. கொளுத்தினால் பளிச்சென்று எரியும் ஃபிளாஷ் பவுடர் ஒரு தடவைக்குக் காணும், அதுவும் அரைகுறை. வெளிச்சம் குறைவென்றால் லென்ஸை முழுதாகத் திறக்க வேண்டும். முழுதாகத் திறந்தால் ஒரு சாண் ஆழம்தான் தெளிவாக விழும். அந்த ஒரு சாணுக்குள் இருப்பவர் மனிதர், அதற்கு முன்னும் பின்னும் நிற்பவர் புகை.

முற்றத்துப் பந்தலில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிறுத்தினார்கள். நான் பெண்ணின் முந்தானையைச் சரிசெய்யச் சொல்லப் பக்கத்தில் போனேன். அவள் தலையைத் தூக்காமலே பேசினாள்.

"அண்ணாச்சி, அவிய மூஞ்சி தெளிவா விழணும்."

"விழும் தாயி."

"விழும்னு சும்மா சொல்லாதிய. நான் இன்னும் அவியள நிமிந்து பாக்கவே இல்ல. பொண்ணு பாக்க வந்தன்னிக்கும் குனிஞ்சிருந்தேன், தாலி கட்டயிலயும் குனிஞ்சிருந்தேன். விடிஞ்சா போயிருவாக. பொறவு எந்த மூஞ்சிய நெனைச்சிக்கிட்டு இருக்க?"

இந்த ஒரு பிளேட்டைக் கெடுத்தால் இந்தப் பெண்ணுக்குப் புருஷன் முகமே இல்லை என்று புரிந்தது. அந்தப் பதற்றத்தில்தான் மடத்தனம் செய்தேன். இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்தேன். ஒற்றைத் திரி விளக்கு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, மாப்பிள்ளையின் தலைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் வைத்தேன். ஃபோகஸுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

மாப்பிள்ளையின் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"அடப்பாவி! சண்டைக்குப் போற புள்ளைக்குத் தலைமாட்டுல ஒத்தத் திரி வெளக்கு வைக்கானே! கேக்க ஆளில்லையா?"

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. தலைமாட்டில் ஒற்றை விளக்கு யாருக்கு வைப்போம் என்று எந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். நான் கிறிஸ்தவ வேதக்காரன், எங்கள் வீட்டிலும் அதே இடத்தில் மெழுகுவத்தி வைப்போம். தொழில் கண்ணால் பார்த்தபோது அது வெறும் வெளிச்சப் புள்ளியாகத் தெரிந்துவிட்டது. வீடே என்னைச் சூழ்ந்துகொண்டது. நான் விளக்கை ஊதி அணைக்கப் போனேன். அதற்கு இன்னும் பெரிய கூச்சல். வாயால் ஊதி அணைப்பது அதைவிட அபசகுனமாம்.

பெண்ணின் அப்பாதான் விளக்கை எடுத்து உள்ளே கொண்டுபோனார். மாப்பிள்ளையின் அம்மா, எந்த விளக்கும் தன் மகனுக்குப் பத்தடிக்குள் வரக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"ஊதுபத்தியாவது..." என்று இழுத்தேன்.

"அதுவும் பொணத்துக்குத்தான்லே ஏத்துவாக!"

பத்தடிக்கு அப்பால் ஓர் அரிக்கேன் விளக்கு. துணிக்குள் தலையை விட்டால் இரண்டு கறுப்பு நிழல்கள் தலைகீழாகத் தொங்கின, மூக்கெது காதெதென்று தெரியவில்லை. தம்பிமாரே, இந்த மாதிரி நேரத்தில் குத்துமதிப்பாக அடித்துவிடலாம் என்று ஓர் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். நான் வெளியே வந்து தலையைச் சொறிந்தேன். வாசலில் பந்தல்காரர் ஒருவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவர் இழுக்கும்போதெல்லாம் சின்னதாக ஒரு கங்கு தெளிவாகப் பளிச்சிட்டது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

"மாப்ள ஒரு பீடிய மூக்கு நுனிக்கு நேரா செத்த நேரம் புடிச்சிருந்தாப் போதும்" என்றேன்.

பெண்ணின் அப்பா சம்பந்தியம்மாவைப் பார்த்தார். "மதினி, பீடி உசிரோட இருக்கவன் குடிக்கிறது. செத்தவனுக்கு யாரும் பீடி வைக்கிறதில்ல" என்றார். அந்த அம்மாள் யோசித்துப் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

ஆனால் மாப்பிள்ளை பின்வாங்கினார். மாமனார் முன்னால் பீடியா? "எனக்கு அந்தப் பழக்கமே கெடையாது மாமா. எப்படிப் பத்த வைக்கதுன்னு கூடத் தெரியாது" என்றார். பெற்ற தாய் பெருமையோடு தலையாட்டினார்.

"நான் சொல்லுதேன்ல, பத்த வைங்க மாப்ளே" என்றார் மாமனார்.

மலைப்பக்கத்திலிருந்து, அய்யனார் கோவில் திசையிலிருந்து, காற்று சுழற்றிச் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் வேலுச்சாமி தீக்குச்சியைக் கிழித்து, இரண்டு உள்ளங்கைக்குள் பொத்தி, ஒரே குச்சியில் பற்ற வைத்தார். பற்ற வைத்தவர் பழக்க தோஷத்தில் ஆழமாக ஓர் இழுப்பு இழுத்து, மூக்கின் இரண்டு பக்கமும் புகையை விட்டார்.

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் மாமனார் பக்கம் திரும்பினார்கள்.

"தெரியாதவருக்கே இம்புட்டு வருதுன்னா, தெரிஞ்சா எம்புட்டு வரும்!" என்றார் மாமனார். அவ்வளவுதான், பந்தலே குலுங்கிச் சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அடுப்படிக்குள் போய்விட்டார்.

மாப்பிள்ளைக்கு வெட்கத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. கண்ணாடியில் கங்கு ஈசல் போலப் பறந்தது. நான் ஒரு பக்கம் திருகினால் அது வேறு பக்கம் ஓடியது. கெஞ்சினேன், அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. பீடி பாதிக்கு வந்துவிட்டது.

அப்போது பேச்சியம்மாள் கையை நீட்டி அதை வாங்கினாள். பஞ்சாலையில் நூல் இழை அறுந்தால் ஓடுகிற மெஷினிலேயே முடிச்சுப் போடும் கை அது. காற்றிலும் ஆடாமல் நின்றது.

"நான் புடிக்கேன். பாருங்க அண்ணாச்சி."

கூட்டம் வாயில் கைவைத்தது. நான் அவசரமாகத் துணிக்குள் புகுந்தேன். கங்கு மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே அசையாமல் இருந்தது. மங்கியபோது, "மாப்ள, ஊதுங்க" என்று உள்ளிருந்து கத்தினேன். அவர் ஊதினார், அது சிவந்தது. திருகினேன். ஊசி முனையானது. இனிப் பவுடரைக் கொளுத்த வேண்டியதுதான் என்று வெளியே வந்தேன். என் வழக்கப்படி நடந்து போய், வெளிச்சம் இருந்த இடத்தைக் கையால் தொட்டேன். தொட்டபோதுதான் கவனித்தேன். பெண் மாப்பிள்ளைக்குச் சமமாக உட்காரவில்லை. எந்தப் புதுப்பெண் புருஷனுக்குச் சமமாக உட்காருவாள்? அரை அடி பின்னால் ஒடுங்கி, கையை மட்டும் முன்னால் நீட்டியிருந்தாள்.

"தாயி, அவர் முகம் தெளிவா விழும். ஒம் முகம் விழாது. நீ பின்னால இருக்க."

"எம் மூஞ்சி எதுக்கு அண்ணாச்சி? அவிய மூஞ்சிதான எனக்கு வேணும்."

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அவர் அவளிடம் பேசியதை யாரும் கேட்டதில்லை.

"எனக்கு வேணாமா?" என்றார்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பேச்சியம்மாள் பெஞ்சில் அரை அடி முன்னால் நகர்ந்தாள். தோளும் தோளும் ஒரே நேர்கோட்டில் வந்தன. எனக்குக் கண்ணில் நீர் முட்டியதை இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

பிளேட்டைச் செருகினேன். "அசையாதிய" என்று சொல்லி மூடியைத் திறந்து, பவுடரைக் கொளுத்தினேன். காரைச் சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று தெரிந்து மறைந்தது. பந்தல் முழுக்கப் புகை. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் "ஏமாயிந்தி, ஏமாயிந்தி" என்று, என்ன ஆனதோ என்ற பதற்றத்தில், வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். புகை விலகியபோது பெஞ்சில் பெண் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பட்டாளத்துக்காரர் குப்புறத் தரையில் படுத்திருந்தார். வெடித்தால் படுக்கிற பட்டாளத்துப் பழக்கம்தான், பாவம். அவர் படுப்பதற்கு முன்னால் படம் விழுந்துவிட்டதா என்ற பயத்தில் பிளேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அவர்கள் வீட்டு நெல் அறையையே இருட்டறையாக்கிக் கழுவினேன். படம் மெல்ல மெல்ல ஏறியது. மாப்பிள்ளை இருந்தார். பெண் இருந்தாள். இரண்டு பேரின் கண்ணிமை மயிரை எண்ணலாம், அப்படியொரு துல்லியம். தனியாக நின்று ஆடினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? ஆடினேன். ஆடி முடித்துக் கிட்டப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மணப்பெண் விரலிடுக்கில் பீடி. கீழே போட அவளும் மறந்தாள், சொல்ல நானும் மறந்தேன். அது சாதாரணமாகவா விழுந்திருந்தது? இலைமேல் சுற்றிய நூல்கூடத் தெரிந்தது.

பிளேட்டில் கத்தியால் சுரண்டி அதை மறைக்கலாம். ஆனால் பீடி மாப்பிள்ளையின் தாடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பிளேட் ஈரம். என் கை களைத்திருந்தது. கொஞ்சம் வழுக்கினால் அந்த முகம் போய்விடும். கத்தியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கடைசியில் மூட்டைக்குள் போட்டுக் கட்டிவிட்டேன். உதை விழுந்தால் எனக்கு விழட்டும் என்று முடிவு செய்தேன். நம் தொழிலில் குறையைத் திருத்தப் போய் இருப்பதையும் கெடுப்பவர்கள்தான் அதிகம்.

ஈரம் காயாத இரண்டு பிரிண்டுகளோடு ஸ்டேஷனுக்கு ஓடினேன். நன்றாக விடிந்திருந்தது, நல்லவேளையாக ரயில் தாமதம். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் வாங்கினார். பீடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஓடுவதற்குத் தயாராக மூட்டையைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"வெளக்கு எதுவும் விழலையே?" என்றார்.

"இல்லம்மா."

"அப்பச் சரி."

படம் பேச்சியம்மாளிடம் போனது. அவள் முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, மாப்பிள்ளையின் இடது புருவத்தில் விரலை வைத்தாள். புருவத்துக்குள் மெல்லிய கோடு ஒன்று ஓடியது.

"அண்ணாச்சி, இதுல கீறல் விழுந்திருக்கே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ராத்திரி முழுக்கக் கண்விழித்தவன் நான். "எம் பிளேட்டுல கீறலா? அது அவரு புருவத்துல இருக்க தழும்பு தாயி. வேணும்னா நீயே பாத்துக்கோ!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

படத்தைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தாள். தழும்பு இருந்தது. தழும்பைப் பார்த்த கண் அங்கேயே நிற்கவில்லை, முகம் முழுக்கப் போனது. மாப்பிள்ளை அசையாமல் நின்றார். முந்தின நாள் நான் அத்தனை தடவை சொல்லியும் அப்படி நிற்காதவர்.

"ஏட்டி, ரயிலடியில நின்னுக்கிட்டு இப்படியா புருஷன் மூஞ்சிய பாக்கது?" என்றார் மாமியார்.

"படத்தோட ஒத்துப் பாக்கேன் அத்தை" என்றாள், கண்ணை எடுக்காமல்.

"நானும் ஒத்துப் பாத்துக்கிடுதேம்மா" என்றார் மாப்பிள்ளை. அவர் கையில் படமே இல்லை.

ரயில் வந்தது. நாலு நிமிஷம் நின்றது. அந்த நாலு நிமிஷமும் இரண்டு பிரிண்டும் என் கையில்தான் இருந்தன, எப்போது என்னிடம் திரும்பி வந்தன என்றுகூட எனக்குத் தெரியாது. வண்டி நகர்ந்த பிறகுதான் மாப்பிள்ளை தன் படத்தை வாங்கவில்லை என்று எனக்கு உறைத்தது. ஜன்னலோடு ஓடினேன். அவர் கையை வெளியே நீட்டி அதை வாங்கிக்கொண்டார். நான் வாழ்க்கையில் எடுத்த படங்களிலேயே தெளிவான படம் அது. அவர் அதைக் குனிந்து பார்க்கவே இல்லை, பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டு போனார்.